பாதுவான்ஜின்: எட்டு அசைவுகளில் உடலும் மூச்சும் மனமும்

சீன மரபு மருத்துவத்தின்மேல் நாட்டம் கொண்டு புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அதன் கடைசி அறையிலிருந்து தொடங்குகிறார்கள். ஊசி குத்திக்கொள்ளலாமா, உடலில் குவளைகளை ஒட்டவைத்துத் தோலை உறிஞ்சி இழுக்கும் கப்பிங் செய்துகொள்ளலாமா, எந்த மூலிகையை வாங்கிக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்பவையே அவர்களுடைய முதல் கேள்விகளாக இருக்கின்றன. இவை மூன்றும் நோய் வந்த பிறகு இன்னொருவர் நமக்குச் செய்யும் சிகிச்சைகள். நோயில்லாத நாளில் நமக்கு நாமே செய்துகொள்ள வேண்டியவற்றைச் சீனர்கள் 'யாங்ஷெங்', அதாவது உயிரைப் பேணுதல், என்ற தனிப் பெயரில் வைத்திருக்கிறார்கள். அன்றாட நலத்தை நாடுபவர் நுழைய வேண்டிய வாசல் அதுதான் என்பது என் உறுதியான கருத்து. அந்த வாசலில் எவரும் எளிதில் கற்றுக்கொள்ளக்கூடிய பயிற்சி பாதுவான்ஜின். அதற்குக் கருவி வேண்டாம், எதையும் விழுங்க வேண்டாம், ஒருவர் கைகளை விரித்து நிற்கும் அளவுக்கு இடமும் கால் மணி நேரமும் இருந்தால் போதும்.

'பா' என்றால் எட்டு, 'துவான்' என்றால் பகுதி, 'ஜின்' என்றால் சரிகைப் பட்டு. எட்டுத் துண்டுகளைக் கொண்ட ஒரே பட்டுத்துணி போல ஓர் அசைவு அடுத்ததற்குள் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இந்தப் பெயர் சோங் அரசமரபுக் கால (கி.பி. 960–1279) நூல்களிலேயே காணப்படுகிறது. இதற்கு வேரான உடற்பயிற்சி மரபு அதனினும் மிகப் பழையது. ஹூனான் மாநிலத்தின் சாங்ஷா நகரை அடுத்த மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையை அகழ்ந்தபோது, 44 மனித உருவங்கள் பல்வேறு பயிற்சி நிலைகளில் வரையப்பட்ட ஒரு பட்டு ஓவியம் கிடைத்தது. குனிந்தும் நிமிர்ந்தும் கைகளைத் தூக்கியும் நிற்கும் அந்த ஆண்களையும் பெண்களையும் பார்த்தால், இன்று பூங்காக்களில் கூடிப் பயிலும் கூட்டத்தைப் பார்ப்பது போலவே இருக்கும். இன்று பரவலாகச் செய்யப்படும் வடிவம், சீன அரசின் விளையாட்டுத் துறை 2003ஆம் ஆண்டையொட்டி ஒழுங்குபடுத்தி வெளியிட்ட நான்கு பயிற்சிகளுள் ஒன்று. இந்தக் கட்டுரையும் அந்த வடிவத்தையே பின்பற்றுகிறது.

போதிதருமர்தான் இவற்றையெல்லாம் சீனாவுக்குக் கற்றுக்கொடுத்தார் என்ற நம்பிக்கை தமிழ் வாசகர்களிடையே வலுவாக இருப்பதால் அதைப் பற்றியும் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். அவர் பெயரால் வழங்கும் 'யீஜின்ஜிங்' என்ற பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. மாவாங்துய் ஓவியமோ அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. உண்மையான தொடர்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் லுவோயாங் நகரில் தங்கிய ஆன் ஷிகாவ் என்ற பௌத்தத் துறவி, மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதி முறையைச் சீன மொழிக்குக் கொண்டுசென்றார். இன்று மைண்ட்ஃபுல்னஸ் என்ற பெயரில் உலகெங்கும் கற்பிக்கப்படும் விழிப்புக் கவனத்துக்கும் மூச்சைக் கவனிக்கும் அந்தப் பழைய முறையே வேர். ஆகவே மூச்சை எண்ணும் பழக்கம் இந்திய மண்ணிலிருந்து அங்கே போனது, உடலை அசைக்கும் பழக்கம் அங்கேயே முளைத்தது என்று சொல்வது பொருத்தமாக இருக்கும்.

மூன்று சீர்கள்

இந்தப் பயிற்சிகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் உடலைச் சீராக்கு, மூச்சைச் சீராக்கு, மனத்தைச் சீராக்கு என்று மூன்றைச் சொல்வார்கள். புதியவர் இந்த வரிசையை மாற்றாமல் பின்பற்ற வேண்டும். தியானம் என்று உட்கார்ந்தவுடன் மனம் அடங்கவில்லை என்று சலித்துப்போய் விட்டுவிடுபவர்கள், பெரும்பாலும் மூன்றாவதை முதலில் செய்ய முயன்றவர்களே. தோளும் தாடையும் முறுக்கேறிக் கிடக்கையில் மூச்சு ஆழமாக இறங்காது. மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும்போது மனமும் நிலைகொள்வதில்லை. மாறாக உடல் ஒழுங்காக நின்றுவிட்டால் மற்ற இரண்டும் அதன் பின்னால் தாமாகவே வரத் தொடங்குகின்றன.

'சி' என்ற உயிராற்றல் நாடிப்பாதைகள் வழியே ஓடுகிறது என்பது இந்த மரபின் விளக்கம். அந்தப் பாதைகளை உடற்கூற்றியல் கண்டறிந்ததில்லை. பயிற்சியின் பயனைப் பெற அந்த விளக்கத்தை நம்பியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தாய்ச்சி போன்ற மெதுவான பயிற்சிகள் முதியவர்கள் தவறி விழுவதைக் குறைக்கின்றன என்பதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. பாதுவான்ஜின் பற்றிய ஆய்வுகள் தூக்கம், உடற்சமநிலை, இரத்த அழுத்தம் ஆகியவற்றில் பயனைக் காட்டினாலும், அவற்றுள் பல சிறிய அளவில் நடந்தவை. ஆகவே இதை உடலைப் பேணும் பழக்கமாகக் கொள்ளுங்கள். மருத்துவர் தந்த மாத்திரைக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம்.

தொடங்குவதற்கு முன்

காலை உணவுக்கு முன்போ, சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்தோ செய்யலாம். இறுக்கமில்லாத உடை, வழுக்காத தரை, தட்டையான காலணி அல்லது வெறுங்கால் என்பவையே தேவை. கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், முதுகுத்தண்டு வட்டு பிதுங்கல், அடிக்கடி வரும் தலைச்சுற்றல், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை ஆகியவற்றுள் ஏதேனும் இருப்பவர்களும் கருவுற்றவர்களும், தலையைத் தாழ்த்தும் ஐந்தாவது, ஆறாவது அசைவுகளைத் தங்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே செய்ய வேண்டும்.

முதல் வாரம்: நிற்கக் கற்றுக்கொள்ளுதல்

முதல் வாரத்தில் வேறெதுவும் வேண்டாம், நிற்பது மட்டும் போதும். பாதங்களைத் தோள் அகலத்தில் வைத்து, விரல்நுனிகள் நேர் முன்னே பார்க்குமாறு நில்லுங்கள். முழங்கால்களை மடக்க வேண்டாம், பூட்டியும் வைக்க வேண்டாம். பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கும்போது கால்கள் தாமாகவே எப்படி இளகிக்கொடுக்குமோ அந்த அளவு இளக்கம் போதும். உச்சந்தலையை ஒரு நூல் மேலிருந்து இழுப்பதாகவும், வால் எலும்பில் ஒரு சிறு எடை தொங்குவதாகவும் எண்ணிக்கொண்டால் முதுகு தானே நீளும். நாக்கின் நுனி மேலண்ணத்தை மெதுவாகத் தொட்டிருக்கட்டும். கண்கள் பாதி மூடியிருக்கலாம்.

நான் இதைக் கற்றுக்கொண்டது சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில், குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் திறந்த கீழ்த்தளத்தில். அங்கே காலை ஆறரை மணிக்குக் கூடும் பத்துப் பன்னிரண்டு பேரில் மூத்தவரான ஓர் அம்மையாருக்கும் எனக்கும் பொதுமொழி என்று ஏதும் இல்லை. நான் நன்றாகத்தான் நிற்கிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்த மூன்றாம் நாள், அவர் பின்னால் வந்து என் வலது தோளின்மேல் இரண்டு விரல்களை வைத்து, 'சொங்' என்றார். அழுத்தவில்லை, வைத்தார், அவ்வளவுதான். தோள் இரண்டு விரற்கடை கீழே இறங்கியது. அது வரைக்கும் அது உயர்ந்திருந்ததே எனக்குத் தெரியாது. தளர்த்து என்பது அந்தச் சொல்லுக்குப் பொருள். துவண்டு போவது அதற்குப் பொருளன்று, தேவையில்லாத முறுக்கை மட்டும் விட்டுவிடுவதையே அது குறிக்கிறது. நீங்கள் தனியாகப் பயில்வதானால், ஒவ்வொரு முறை நிற்கும்போதும் நெற்றி, தாடை, தோள், கைவிரல், வயிறு, தொடை என்று மேலிருந்து கீழாகக் கவனத்தை இறக்கி, முறுக்கு தென்படும் இடத்தில் எல்லாம் அந்த இரண்டு விரல்கள் வைக்கப்பட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மூன்று நிமிடம் நின்றால் போதும். வார முடிவில் ஐந்து நிமிடமாக உயர்த்தலாம். தொடைகள் இலேசாக நடுங்குவது இயல்பு. முழங்காலில் வலி வந்தால் மடக்கம் அதிகம் என்று பொருள், உடனே நிமிர்ந்துவிடுங்கள்.

மூச்சு

நிற்பது பழகியதும் மூச்சை எண்ணத் தொடங்கலாம். மூக்கு வழியே உள்ளே, மூக்கு வழியே வெளியே. வெளிமூச்சு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் என்று ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணி, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். எண் தவறிவிட்டால், எங்கே தவறியது என்று ஆராயாமல் ஒன்றுக்குத் திரும்பிவிடுங்கள். சான் (ஜப்பானிய மொழியில் ஜென்) பௌத்த மடங்களில் புதிய துறவிகளுக்குத் தரப்படும் முதல் பயிற்சிகளுள் இதுவும் ஒன்று. பத்து வரை வந்து சேர்வதன்று இதன் நோக்கம். தவறியதை உணர்ந்து திரும்பும் அந்தக் கணமே பயிற்சி என்பதால், நாற்பது முறை தவறி நாற்பது முறை திரும்பியவர் அன்று நன்றாகப் பயின்றவரே ஆவார். மூச்சை வலிந்து நீட்டுவதும் அடக்குவதும் கூடாது. தலை கனத்தாலோ நெஞ்சு இறுகினாலோ எண்ணுவதை நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

எட்டு அசைவுகள்

இரண்டாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு அசைவுகள் வீதம் சேர்த்துக்கொண்டால் ஐந்தாம் வார முடிவில் முழுத் தொடரும் கைவந்துவிடும். பொதுவிதி ஒன்றுதான்: கை உயரும்போதும் விரியும்போதும் உள்மூச்சு, தாழும்போதும் குவியும்போதும் வெளிமூச்சு. முதலாவதையும் ஆறாவதையும் ஆறு முறை, எட்டாவதை ஏழு முறை, மற்றவற்றைப் பக்கத்துக்கு மூன்று முறை செய்வது வழக்கம்.

முதலாவதன் பெயர் 'இரு கைகளால் வானைத் தாங்குதல்'. அடிவயிற்றின் முன்னே விரல்களைக் கோத்து, உள்ளங்கைகள் மேல்நோக்கியிருக்க, நெஞ்சு வரை உயர்த்துங்கள். அங்கே உள்ளங்கைகளைப் புரட்டி, கண்கள் கைகளைப் பின்தொடர, தலைக்கு மேலே தள்ளுங்கள். முழங்கைகள் நேராகும் கட்டத்தில் முகத்தை நேரே கொண்டுவந்து, இரண்டு விநாடி தாங்கி, பிறகு விரல்களைப் பிரித்துக் கைகளை இருபுறமும் இறக்குங்கள். விலா எலும்புகளுக்கிடையே உள்ள தசைகள் ஒவ்வொன்றாக விரிவதை உணர முடிகிறதா என்று கவனிப்பதே இங்கே மனத்துக்குரிய வேலை. நாள் முழுதும் மேசைமுன் கூனி உட்காருபவர்களுக்கு இந்த ஓர் அசைவே பெரிய விடுதலையாக இருக்கும்.

இரண்டாவது, வில்லை நாணேற்றிக் கழுகைக் குறிபார்ப்பது. காலை அகட்டி, குதிரைமேல் அமர்ந்ததுபோல் இடுப்பைத் தாழ்த்தி, நெஞ்சின்முன் மணிக்கட்டுகளைக் குறுக்கிடுங்கள். இடக்கையில் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் விரித்து மற்ற மூன்றையும் மடக்கி, மணிக்கட்டை நிமிர்த்தி இடப்பக்கம் தள்ளுங்கள். வலக்கை விரல்களை வளைத்து, நாணை இழுப்பதுபோல் வலத்தோள் வரை இழுங்கள். பார்வை ஆட்காட்டி விரலைத் தாண்டித் தொலைவுக்குப் போக வேண்டும். கைப்பேசியைப் பற்றியே சுருங்கிப்போன விரல்களும், ஒரு முழத் தொலைவுக்கு மேல் பார்த்துப் பழகாத கண்களும் இங்கே ஒருசேர விரிகின்றன. புதியவர்கள் வலிந்து தாழ உட்கார்ந்து முழங்காலைக் கெடுத்துக்கொள்வது இந்த அசைவில்தான். பாதி உட்கார்ந்தாலே போதுமானது.

மூன்றாவதில் ஒரு கை மேலே தள்ள, மறு கை இடுப்பருகே கீழே அழுத்துகிறது. மண்ணீரலையும் இரைப்பையையும் சீராக்குவது என்பது இதன் மரபுப் பெயர். வயிற்றுப் பகுதி குறுக்காக நீட்டப்படுவதை நன்றாகவே உணரலாம்.

நான்காவதன் பெயரில் 'ஐந்து சோர்வுகள், ஏழு கேடுகள்' என்று வருகிறது. அந்த ஐந்து சோர்வுகளைச் சீன மருத்துவத்தின் மூலநூலான ஹுவாங்தி நெய்ஜிங் இப்படிப் பட்டியலிடுகிறது: நெடுநேரம் பார்ப்பது இரத்தத்தையும், நெடுநேரம் படுத்திருப்பது உயிராற்றலையும், நெடுநேரம் அமர்ந்திருப்பது தசையையும், நெடுநேரம் நிற்பது எலும்பையும், நெடுநேரம் நடப்பது தசைநார்களையும் கெடுக்கும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நூல் பார்ப்பதையும் அமர்ந்திருப்பதையும் உழைப்பின் கேடுகளாக எண்ணியிருப்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. இதற்கான அசைவு எளிது: கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, உள்ளங்கைகள் வெளிப்புறம் பார்க்குமாறு தோளிலிருந்து திருப்பி, தலையை மட்டும் ஒரு பக்கம் திருப்பிப் பின்னால் பாருங்கள். மார்பு முன்னோக்கியே இருக்க வேண்டும். கழுத்தை வெடுக்கென்று திருப்பாமல், கதவு திறப்பதுபோல் திருப்புங்கள்.

ஐந்தாவதில் தலையைச் சுழற்றி வாலை ஆட்டி இதயத்தின் வெம்மையைத் தணிக்கிறோம் என்கிறார்கள். படபடப்பு, தூக்கமின்மை, வாய்ப்புண் போன்றவற்றைச் சீன மருத்துவம் அந்த வெம்மையின் அறிகுறிகளாகக் கொள்கிறது. அகன்ற குதிரை நிலையில் கைகளைத் தொடைமேல் ஊன்றி, உடலை ஒரு பக்கம் சாய்த்து, முன்னே தாழ்த்தி, மறுபக்கம் கொண்டுசென்று நிமிர்த்த வேண்டும். எட்டில் கடினமானது இதுவே என்பதால் முதல் மாதத்தில் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து சிறு வட்டமாகச் செய்வதே நல்லது.

ஆறாவதில் உள்ளங்கைகள் இடுப்பின் பின்புறத்திலிருந்து தொடை, கெண்டைக்கால் வழியே வருடிக்கொண்டு பாதம் வரை இறங்குகின்றன. பாதத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். முழங்கால் வரை எட்டினால் முழங்கால் வரை. எழும்போது கைகளை முதலில் முன்னே நீட்டி உயர்த்தினால், உடல் அவற்றைத் தொடர்ந்து எழும், இடுப்புக்குச் சுமை குறையும்.

ஏழாவது மற்றவற்றிலிருந்து மாறுபட்டது. பெருவிரலை உள்ளே வைத்துக் கைவிரல்களை முஷ்டியாக மடக்கி, கண்களை அகல விழித்து, முஷ்டியை மெதுவாக முன்னே குத்த வேண்டும். எட்டாவதில் குதிகால்களை உயர்த்தி, ஒரு கணம் நின்று, மெல்லிய அதிர்வு முதுகில் ஏறுமாறு தரையில் இறக்க வேண்டும். எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் முதியவர்களும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அதிர்வில்லாமல் இறக்கட்டும்.

முடிந்ததும் உடனே கைப்பேசியை எடுக்க வேண்டாம். உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தொப்புளுக்குக் கீழே வைத்து, பத்து மூச்சு நில்லுங்கள். விரல்நுனிகளில் ஒரு கதகதப்பு ஊறுவதைப் பலரும் உணர்வார்கள். உணராவிட்டாலும் குறையொன்றும் இல்லை.

பகலில் இரண்டு புள்ளிகள், இரவில் ஒரு வாளி வெந்நீர்

பாதுவான்ஜின் பழகியபின் அக்குபிரஷரில் இரண்டு புள்ளிகளை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். இடத்தை அளக்க உங்கள் விரல்களே அளவுகோல். நெய்குவான் என்பது மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கையை நோக்கி மூன்று விரல் அகலத் தொலைவில், உட்புறத்தில் ஓடும் இரண்டு தசைநார்களுக்கு நடுவே உள்ளது. குமட்டலுக்கு அழுத்தும் இடமாக இது அதிகம் ஆராயப்பட்டிருக்கிறது. பயணத்தின்போது அணியும் குமட்டல் தடுப்புப் பட்டைகளும் இதே இடத்தைத்தான் அழுத்துகின்றன. ஜூசான்லி என்பது முழங்கால் சில்லின் கீழ் விளிம்பிலிருந்து நான்கு விரல் கீழே, கீழ்க்காலின் முன்னெலும்புக்கு வெளிப்புறமாக ஒரு விரல் தள்ளி இருக்கிறது. நடந்து களைத்த காலுக்கும் செரிமானத்துக்கும் இதை அழுத்துவார்கள். பெருவிரலால் ஒரு நிமிடம், இனிய அழுத்தமாக உணரும் அளவுக்கு அழுத்துங்கள். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே உள்ள ஹெகு புள்ளியைக் கருவுற்றவர்கள் அழுத்தக் கூடாது என்று மரபே விலக்கியிருக்கிறது.

இரவில் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, சுமார் 40 பாகை வெந்நீரில் கணுக்கால் முழுக 15 நிமிடம் கால்களை வைத்திருப்பது சீனக் குடும்பங்களில் தலைமுறைகளாக வரும் பழக்கம். அந்தப் பதினைந்து நிமிடமும் தொலைக்காட்சி இல்லாமல், உள்ளங்காலில் படும் வெம்மையை மட்டும் கவனித்துக்கொண்டு உட்கார்ந்தால், காலையில் எண்ணிய மூச்சு இரவில் தானாகவே திரும்பி வரும். சர்க்கரை நோயால் கால் உணர்வு குறைந்தவர்கள் இதைச் செய்யவே கூடாது. சுடுவது தெரியாமல் புண்ணாகிவிடும்.

எந்த இடத்தில் நிற்க வேண்டும்

ஊசி, கப்பிங், மோக்சா எனப்படும் மூலிகைச் சூடு ஆகியவற்றை வீட்டில் முயல வேண்டாம். சிங்கப்பூரில் சீன மருத்துவர்களும் அக்குபங்சர் செய்பவர்களும் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும்; அங்கே வாழ்பவர்கள் பதிவைச் சரிபார்த்த பின்னரே போகலாம். பதிவு முறை தெளிவாக இல்லாத ஊர்களில், ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்கிறாரா என்பதையாவது பாருங்கள். மூலிகைகளில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைப்பதற்காகத் தரப்பட்ட மாத்திரைகளில், தவறான சீன மூலிகை ஒன்று கலந்து, அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலத்தால் பல பெண்களின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. இயற்கையானது என்ற சொல் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. இன்சுலினையோ இரத்த அழுத்த மாத்திரையையோ நிறுத்தச் சொல்பவர் எவராக இருந்தாலும், எவ்வளவு கனிவாகப் பேசினாலும், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நேரமில்லாத நாட்கள் வரத்தான் செய்யும். அந்நாளில் முழுத் தொடரையும் அவசரமாக ஓட்டுவதைவிட, ஒரு நிமிடம் நின்று தோளைத் தளர்த்தி, முதல் அசைவை மூன்று முறையும் எட்டாவதை ஏழு முறையும் செய்து, பத்து மூச்சு எண்ணிவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள். அதற்கு நான்கு நிமிடம் போதும்.